பத்மாவுக்கென்று போட்ட நான்கு நாள் ஓட்டம்

விக்னராஜா மெல்பேர்ணில் பஸ் ஓட்டியது இருபத்தெட்டு வருடம், இரண்டு மாதம், பதினொரு நாள். 2022 யூலை முதலாந் திகதி, வெள்ளிக்கிழமை, கடைசி ஓட்டத்தை நான்கு நிமிடம் பிந்தி முடித்துவிட்டுச் சாவியைக் கொடுக்கப் போனபோது டிப்போவில் கேக் வெட்டினார்கள். இருபத்துமூன்று பேர் கையெழுத்துப் போட்ட வாழ்த்து மட்டை ஒன்று கொடுத்தார்கள். அதற்குள் ஒரு வவுச்சர் இருந்தது. ஹீல்ஸ்வில் பக்கம், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே உள்ள ஒரு விடுதியில் இருவருக்கு இரண்டு இரவு. 2025 யூன் 30க்கு முன் பாவித்துவிட வேண்டும்.

அந்தப் பரிசில் ஒரு பகிடி இருந்தது. 2003 முதல் 2014 வரை, பதினொரு வருடச் சனிக்கிழமைகள், கம்பனியின் சுற்றுலா பஸ்ஸை யாரா பள்ளத்தாக்குக்கு ஓட்டியவர் விக்னராஜா. கலியாண நாள் கொண்டாடும் சோடிகள், அடுத்த கிழமை மணப்பெண்ணாகப் போகிறவளும் அவளுடைய தோழிகளும் என்று ஒவ்வொரு சனியும் ஒரு கூட்டம் ஏறும். காலையில் சத்தமில்லாமல் போவார்கள், பின்னேரம் பாடிக்கொண்டு வருவார்கள். ஒரு நாளைக்கு நான்கு வைன் தோட்டம். அவர்கள் உள்ளே ருசி பார்க்கும்போது விக்னராஜா கார் பார்க்கில் பஸ்ஸுக்குள் இருந்து, பத்மா கட்டித் தந்த சம்பல் பாணைச் சாப்பிட்டு, பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடிப்பார். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. "ஒருமுறையாவது கதவுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்" என்று மட்டையில் யாரோ எழுதியிருந்தார்கள்.

மனைவி பத்மாவுக்கும் சனிக்கிழமை வேலைதான். முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் பத்தொன்பது வருடம் வேலை செய்தார். அவருக்கு விடுமுறை செவ்வாயும் புதனும். இவருக்கு ஞாயிறும் திங்களும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் நின்ற முழு நாள் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டுதான் தேறும். அதனால் அந்த வவுச்சரைக் கண்டதும் பத்மா, "இதை அவசரப்பட்டு முடிக்காம ஆறுதலாப் போவம். நானும் டிசம்பரில விடுறன்தானே" என்றார். சொன்னபடியே டிசம்பரில் வேலையை விட்டார். 2023 பெப்ரவரி 11, சனிக்கிழமை, மகள் தர்சினியின் பிள்ளைப்பேற்றுக்காகச் சிட்னிக்கு விமானம் ஏறினார். ஆறு மாதம் என்று சொல்லித்தான் போனார்.

தர்சினியும் கணவர் ஜெகதீஷும் சிட்னியில் கெல்லிவில் பகுதியில் இருக்கிறார்கள். ஜெகதீஷ் கோயம்புத்தூர்ப் பிள்ளை, இருவருக்கும் கம்பியூட்டர் வேலை. மூத்த பிள்ளைக்கு ஒரு வயது வந்தபோது இரண்டாவது பிள்ளை பிறந்துவிட்டது. ஆறு மாதம் இரண்டேகால் வருடமாயிற்று. விக்னராஜாவும் அங்கே போயிருக்கலாம். ஆனால் மகன் அனோஜன், கிளென் வேவர்லியில் பள்ளிக்கூடம் நல்லதென்று, கிரான்பர்ன் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு அங்கேயே உள்ள தகப்பன் வீட்டில் வந்து குடியேறியிருந்தான். அவனுடைய மகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டும். அம்மா தங்கைக்கு, அப்பா அண்ணாவுக்கு. யாரும் கூடியிருந்து பேசி முடிவெடுத்ததல்ல. தானாக அப்படி வந்து அமைந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் எல்லாருக்கும் வசதியாக இருந்தபடியால் அதைப்பற்றி யாரும் கதைக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்குப் பத்மா வீடியோவில் வருவார். மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் இன்னொன்று, பின்னால் ஜெகதீஷ் சோறு போட்டுக்கொண்டு நிற்பார். இந்தப் பக்கத்தில் அனோஜனும் மருமகளும் மேசையில் இருப்பார்கள். ஸ்பீக்கர் எப்போதும் போட்டிருக்கும். "சாப்பிட்டியளோ?" "ஓம். நீர்?" "ஓம்." பிறகு பிள்ளைகள் போனைப் பறித்துவிடுவார்கள். எண்ணிப் பார்த்தால், அந்த இரண்டேகால் வருடத்தில் பத்மா எழுபத்திரண்டு நாள் மெல்பேர்ணில் நின்றிருக்கிறார். அதில் முக்கால்வாசி மகளும் பிள்ளைகளும் கூட வந்து நின்ற நாட்கள்.

2025 மார்ச் மாதம் விக்னராஜா அந்த வவுச்சரைப் பாவிக்கும் வேலையைத் தொடங்கினார்.

டிப்போவில் ஓட்டுநர் கையில் காலையில் ஒரு தாள் கொடுப்பார்கள். எத்தனை மணிக்கு எங்கே புறப்பட்டு, எங்கே எத்தனை நிமிடம் நின்று, எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அதில் இருக்கும். ஓட்டத்தாள் என்பார்கள். அவருக்குத் தெரிந்த திட்டமிடல் அது ஒன்றுதான். இரண்டு பேருக்கு, நான்கு நாளுக்கு, ஒரு ஓட்டத்தாள் போட்டார். யூன் 20 வெள்ளி, 21 சனி தோட்டத்து விடுதியில். 22 ஞாயிறு மெல்பேர்ண் நகரத்துக்குள், ஆற்றங்கரை ஹோட்டலில் ஒரு இரவு. 23 திங்கள் மாலை பத்மாவை விமான நிலையத்தில் விடுவது.

நகரத்தை ஏன் சேர்த்தார் என்றால், முப்பத்தைந்து வருடமாக இந்த ஊரில் இருந்தும் இருவரும் நகரத்துக்குப் போனதெல்லாம் ஏதோ அலுவலாகத்தான். குடியுரிமைப் பத்திரத்துக்கு ஒரு தடவை. பத்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு மூன்று தடவை. அனோஜனின் பட்டமளிப்புக்கு ஒரு தடவை. ஆற்றங்கரையில் ஒரு வாங்கில் அமர்ந்து சும்மா இருந்ததில்லை. ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு எதிரே "ஆற்றங்கரை வாங்கு. நிறுத்தம்: 60 நிமிடம்" என்று எழுதினார்.

மே 13, செவ்வாய், அந்த ஓட்டத்தைத் தனியே ஓடிப் பார்த்தார். புது வழித்தடம் என்றால் ஆளில்லாத பஸ்ஸில் ஒருமுறை ஓடிப் பார்ப்பது டிப்போ வழக்கம். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு 9.30க்கு வெளிக்கிட்டார். 10.05க்கு லில்லிடேல். அங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். யாரா கிளென் போனபோது மூடுபனி கலையவில்லை. கொடிகளில் இலை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது தோட்டத்தில் கார் பார்க்கிலிருந்து வாசல் கதவு வரை படிகளை எண்ணினார். முப்பத்திரண்டு. பத்மாவுக்கு வலது முழங்கால் நோ. கைபிடி இடப்பக்கம் இருந்தது, அதையும் எழுதிக்கொண்டார். கதவைத் திறந்து உள்ளே போகவில்லை. அதை யூன் மாதத்துக்கு வைத்தார்.

விடுதியில் வரவேற்பில் நின்ற பெண் அறையைத் திறந்து காட்டினாள். பெரிய கட்டில், இரண்டு கதிரை, யன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாகக் கொடி. மேசையில் இரண்டு கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. "மனைவிக்கு ஏதும் விசேடமாக வேண்டுமா?" என்று கேட்டாள். விக்னராஜா யோசித்துவிட்டு, இன்னும் ஒரு தலையணை வேண்டும், அவருக்குக் காலுக்குக் கீழே வைக்க, என்றார்.

ஆளில்லாத ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது நூற்றெழுபத்தொரு கிலோமீற்றர். பேத்தியை எடுக்கப் பதினைந்து நிமிடம் மிச்சம் இருந்தது.

அடுத்த நாள் புதன்கிழமை. புதன்கிழமைகளில் பழைய டிப்போ நண்பர் வரதராஜாவோடு கடைத்தொகுதியில் கோப்பி குடிப்பது வழக்கம். தாளை மேசையில் வைத்துவிட்டார். அது பிழையாய்ப் போயிற்று.

"என்னடாப்பா இது?" வரதராஜா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "விடுதி… இருவர்… ஆற்றங்கரை… எட விக்கி! அறுபத்தொன்பதில தேனிலவோ?"

"மெல்லக் கதை."

"மனிசியை நாலு நாள் தனிய வைச்சுக்கொண்டு என்னடா கதைக்கப் போறாய்? கட்டில் கிட்டில் உடைஞ்சால் வவுச்சரில அது அடங்காது, கேட்டுப் பாத்தனியோ?"

பக்கத்து மேசையில் இருந்த தமிழ்ப் பெண் திரும்பிச் சிரித்தாள். விக்னராஜாவுக்குக் காது சுட்டது. "அப்பிடி ஒண்டுமில்லை. அது சும்மா வீணாப் போகப் போகுது. யூன் முப்பதாம் திகதியோட முடியுது. அதுதான்" என்று சொல்லித் தாளை மடித்தார்.

அந்த வசனம் நல்ல வசமாக அமைந்துவிட்டது. அன்றிரவு அனோஜனிடமும் அதையே சொன்னார்: "வவுச்சர் ஒண்டு வீணாப் போகுது." அனோஜன், "ஓம் அப்பா, போய்ட்டு வாங்கோ. வெள்ளியும் திங்களும் நாங்கள் லீவு எடுக்கிறம்" என்றான். வியாழன் மதியம் 12.40க்குத் தர்சினிக்கு வேலையிடத்துக்குப் போன் அடித்தார்.

"அப்பா? என்ன, ஏதும் எமேர்ஜென்சியோ?"

"இல்லைப் பிள்ளை. அந்த டிப்போ வவுச்சர் ஒண்டு கிடக்கெல்லே. யூன் முப்பதோட முடியுது. வீணாப் போகப் போகுது. அதுதான் அம்மா வரேலுமோ எண்டு…"

"ஓ. ஓகே. அம்மாவோட கதைச்சிட்டுச் சொல்லுறன். பிள்ளையளுக்கு யோசிக்கவேணும். வீணாக்கக் கூடாதுதான்."

பத்மாவுக்கே அடித்துக் கேட்டிருக்கலாமே என்று யாரும் நினைக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. பத்மாவின் போன் பெரும்பாலும் பிள்ளைகளின் கையில்தான் இருக்கும். ஜெகதீஷ் திங்கள் முதல் வியாழன் வரை வீட்டிலிருந்தே வேலை, வெள்ளி தர்சினி வீட்டில். அதோடு, பத்மா இப்போது மகளின் பொறுப்பில் உள்ளவர், அவரை எடுக்க வேண்டுமென்றால் மகளிடம்தான் கேட்க வேண்டும் என்பது அவருக்குள் எப்படியோ ஊறிப்போயிருந்தது. விடுமுறைக்கு விண்ணப்பிப்பதுபோல உரிய இடத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்.

பதில் மே 18, ஞாயிறு, ஏழு மணி வீடியோவில் வந்தது. பத்மா சிரித்த முகமாக இருந்தார்.

"இஞ்சாருங்கோ, அந்த வவுச்சர் விசயம். நான் ஒரு வேலை செய்தனான். இவையள் ரெண்டு பேரும் மூத்தது பிறந்ததுக்குப் பிறகு ஒரு இடம் போகேல்ல. இவையள் போகட்டும். நான் பிள்ளையளைப் பாக்கிறன். பக்கத்து வீட்டு ஹம்சாவும் வந்து நிப்பா. வீணாப் போகாதெல்லே?"

"சூப்பர் மாமா! ரொம்ப தேங்க்ஸ்!" பின்னாலிருந்து ஜெகதீஷ் கை ஆட்டினார். தர்சினி தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இந்தப் பக்கம் மருமகள், "ஐயோ, நல்ல ஐடியா மாமி" என்றாள்.

விக்னராஜா திரையைப் பார்த்தார். எட்டுப் பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம், நல்லது" என்றார். "வீணாப் போகாது."

தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். பத்து நிமிடத்தில் ஜெகதீஷ் அடித்தார். "மாமா, இது வேற லெவல்! பாத்ரூமுக்கெல்லாம் டைம் போட்டு வச்சிருக்கீங்க! நாங்க அந்த ஆத்தங்கரை ஒரு மணி நேரத்தைத் தூக்கிட்டு ரெண்டு வைனரி சேத்துக்கறோம், பரவாயில்லையா? அப்புறம் மாமா, ஒரு விஷயம். டேஸ்ட் பண்ணிட்டு நாங்க ஓட்ட முடியாது. நீங்கதான் இந்த ரூட்டுக்கே எக்ஸ்பர்ட்…"

"நான் ஓட்டுறன்" என்றார் விக்னராஜா.

பின்னால் தர்சினியின் குரல் கேட்டது. "அப்பா, முப்பத்திரண்டு படி, கைபிடி இடப்பக்கம் எண்டு ஏன் எழுதினீங்கள்?"

"சும்மா" என்றார்.

யூன் 20 வெள்ளி காலை அவர்களை விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு போய் விடுதியில் விட்டார். வரவேற்புப் பெண் அவரை நினைவு வைத்திருந்தாள். "தலையணை வைத்துவிட்டேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தர்சினியைப் பார்த்து, "கால் இப்போது எப்படி?" என்று கேட்டாள். தர்சினி விளங்காமல் தன் காலைப் பார்த்தாள். விக்னராஜா பெட்டியை உள்ளே வைத்துவிட்டு ஐம்பத்தைந்து நிமிடத்தில் வீடு திரும்பினார். சனி காலை மறுபடி வந்தார்.

மூன்றாவது தோட்டம். மதியம் 1.20. ஜெகதீஷும் தர்சினியும் கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள். "அப்பா, நீங்களும் வாங்கோவன்" என்று தர்சினி ஒருதரம் சொன்னாள். சொன்னபோது கதவை ஏற்கனவே திறந்துவிட்டிருந்தாள். "நீங்கள் போங்கோ" என்றார். கார் பார்க்கில் ஒரு சுற்றுலா பஸ் நின்றது. ஓட்டுநர், சீக்கிய இளைஞன், உள்ளே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்துத் தலையாட்டினான். இவரும் ஆட்டினார். கொடிகள் மொட்டையாக, கம்பியில் கட்டிய தடிகள் மாதிரி மலை வரைக்கும் போய்க்கொண்டிருந்தன. குளிர் எட்டுப் பாகை.

அப்போதுதான் அவருக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. பிள்ளைகள் இரண்டும் ஒன்றேகாலுக்குப் படுக்கும், இரண்டு மணி வரை எழும்பாது என்று வரும் வழியில் தர்சினி சொல்லியிருந்தாள். ஜெகதீஷ் இங்கே. தர்சினி இங்கே. ஹம்சா பின்னேரம்தான் வருவா. கெல்லிவில் வீட்டில் இந்த நேரம் பத்மா தனியே இருக்கிறார். இரண்டேகால் வருடத்தில் முதல் தரம்.

1.26க்கு அடித்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்னப்பா? ஆருக்கும் ஏதுமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. சும்மாதான் எடுத்தனான்."

"சும்மாவோ?" பத்மா நம்பவில்லை. குரலைத் தாழ்த்தினார். "பிள்ளையள் நித்திரை. அவையள் எங்க?"

"உள்ள நிக்கினம். நான் கார் பார்க்கில."

"நீங்கள் ஏன் உள்ள போகேல்ல? குளிருக்குள்ள காருக்குள்ள இருக்கிறியளோ? மண்டை பிழையே உங்களுக்கு?"

 வவுச்சர் என்ற சொல்தான் முதலில் விக்னராஜாவின் வாயில் வந்தது. அதை விழுங்கினார்.

"பத்மா, இது நான் உமக்கெண்டு போட்டது."

"எது?"

"இந்த நாலு நாளும். தோட்டம், விடுதி, டவுண், எல்லாம். உம்மோட வரவேணும் எண்டுதான் போட்டனான். மே மாதம் வந்து படியெல்லாம் எண்ணிப்போட்டுப் போனனான்."

 அழைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தார். இல்லை. 2 நிமிடம் 11, 2 நிமிடம் 12 என்று ஓடிக்கொண்டிருந்தது.

"தர்சினி வந்து எப்பிடிக் கேட்டவள் தெரியுமே?" என்றார் பத்மா. "அம்மா, அப்பாட்ட ஒரு வவுச்சர் கிடக்காம், முடியப் போகுதாம், என்ன செய்வம் எண்டு கேட்டவள். நான் என்ன நினைக்கிறது? சோறு மிஞ்சிக் கிடக்கு, பழுதாப் போக முதல் ஆருக்காவது குடுக்க வேணும் எண்டமாதிரித்தானே இருந்தது. குடுத்தன். அதுக்குள்ள நான் இருந்தனான் எண்டு ஆர் எனக்குச் சொன்னது?"

"எல்லாரும் கேட்டுக்கொண்டு இருக்கேக்க நான் எப்பிடிச் சொல்லுறது?"

"நாப்பத்தொரு வருசமா உங்களுக்கு என்னோட கதைக்க வெக்கம்." பத்மா சிரிக்கிறாரா, மூக்கைச் சிந்துகிறாரா என்று பிடிபடவில்லை. "வீணாப் போகுது, வீணாப் போகுது எண்டு ஊரெல்லாம் சொன்னியள். எனக்கு ஒரு சொல்லு, வாரும் எண்டு சொன்னியளோ?"

"சொல்லியிருந்தால் வந்திருப்பீரோ?"

"கேட்டால் வருவன்."

"இப்ப கேக்கிறன்."

"இப்ப கேட்டு? அவையள் அங்க நிண்டு குடிக்கினம்!" இம்முறை சிரித்தார், சந்தேகமில்லை. பிறகு குரல் மாறியது. "இஞ்சாருங்கோ. நான் தர்சினியிட்டக் கேக்கமாட்டன். கேட்டால் அம்மாவுக்குப் பிள்ளையள் அலுத்துப்போச்சு எண்டு நினைச்சு அழுவாள். நீங்கள் கேளுங்கோ. வீணாப் போகுது எண்டு சொல்லாதேங்கோ. எனக்கு வேணும் எண்டு கேளுங்கோ. பொறுங்கோ, சின்னவன் புரளுறான்."

வைத்துவிட்டார். ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி.

அன்று மிச்சமிருந்த இரண்டு தோட்டத்துக்கும் விக்னராஜா அந்தக் கேள்வியோடுதான் ஓட்டினார். கேட்கவில்லை. தர்சினி கன்னம் சிவந்து பழைய பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்துக் கனகாலம். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. ஞாயிறு காலை 9.50க்கு விடுதியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வெளிக்கிட்டபோது, தர்சினி முன்னாலும் ஜெகதீஷ் பின்னாலும் இருந்தார்கள். லில்லிடேல் தாண்டியது. ரிங்வூட் தாண்டியது. பெருந்தெருவில் ஏறி, வேகத்தை நூறில் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தர்சினி, அம்மா எனக்கு வேணும்."

"என்னப்பா?"

"அம்மாவைக் கொஞ்ச நாள் விடவேணும். எனக்கு வேணும்."

 ஜெகதீஷ் போனைக் கீழே வைத்தார்.

"அம்மாவுக்கு எங்கட வீட்டில என்னப்பா குறை? அம்மா ஏதும் சொன்னவவோ?"

"அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான்."

தர்சினி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னாலிருந்து ஜெகதீஷ், "மாமா, நீங்க அங்க வந்து இருங்களேன், ஒரு ரூம் சும்மாதான் இருக்கு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். "அண்ணாட மகளை ஆர் பள்ளிக்கூடத்தால எடுக்கிறது?" என்று தர்சினியே அவருக்குப் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு விக்னராஜா மூன்று நான்கு கிலோமீற்றர் ஓட்டினார்.

"சைல்ட்கெயார்ல பேர் குடுத்திருக்கு" என்றாள் கடைசியில். "செப்டம்பரில இடம் வரலாம் எண்டவை. வந்தால் பாப்பம் அப்பா. இப்ப என்னால ஒண்டும் சொல்லேலாது."

"சரி பிள்ளை."

"கோவமோ?"

"இல்லை. கேட்டனான், அவ்வளவுதான்."

ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டார். தர்சினி இறங்கியவள் திரும்பி வந்து யன்னலுக்குள் தலையை விட்டு அவருடைய தோளைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பின்னால் ஒரு டாக்சி ஹோர்ன் அடித்தது. "மெதுவாப் போங்கோ" என்றாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது 12.25. அனோஜன் குடும்பம் யாருடையதோ பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தது. மேசையில் சோறும் கறியும் மூடி வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் மூடியில் பேத்தி "Thatha lunch" என்று ஒட்டியிருந்தாள். அவர் சாப்பிடவில்லை. குசினிக் கதிரையில் கோட்டைக் கழற்றாமல் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்றேகால் ஆனது. ஐந்து நிமிடம் விட்டார், பிள்ளைகள் வடிவாகக் கண்ணயரட்டும் என்று. 1.20க்கு அடித்தார்.

"கேட்டியளோ?" என்றார் பத்மா, எடுத்த கையோடு.

"கேட்டன். நீர் சொன்னபடிதான்."

"என்ன சொன்னவள்?"

"செப்டம்பரில பாப்பமாம்."

பத்மா பெருமூச்சு விட்டார். "பாப்பம் எண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியும். நான்தானே அவளை வளர்த்தனான். சின்னனில சைக்கிள் கேட்டு அழேக்க நான் அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கின சொல்லு."

 கெல்லிவில்லில் ஒரு மின்விசிறியோ, காற்று வெப்பமாக்கியோ ஓடுகிற சத்தம் கேட்டது. இங்கே பிரிட்ஜ் ஓடியது.

"அந்தத் தாள் வைச்சிருக்கிறியளோ?" என்று பத்மா கேட்டார்.

"கையில கிடக்கு."

"வாசியுங்கோ பாப்பம். எனக்கெண்டு போட்டதை நான் பாக்கவே இல்லை. அவள் போனில காட்டினவள், எழுத்துச் சின்னன், எனக்குத் தெரியேல்ல."

விக்னராஜா தாளை மேசையில் விரித்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். ஜெகதீஷ் சேர்த்த தோட்டங்கள் இல்லாத பழைய தாள்.

"வெள்ளிக்கிழமை. காலமை ஒன்பதரைக்கு வீட்டால வெளிக்கிடுறம்."

"ஒன்பதரைக்கு நான் வெளிக்கிடமாட்டன். குளிச்சு, சாமி கும்பிட்டு, சீலை கட்டி… பத்து எண்டு போடுங்கோ."

"பத்து எண்டால் பிறகு எல்லாம் அரை மணித்தியாலம் பிந்தும்."

"பிந்தட்டும். பஸ்ஸே ஓட்டுறியள்?"

பேனையை எடுத்து ஒன்பதரையை வெட்டி, பத்து என்று எழுதினார். "10.35, லில்லிடேல். பத்து நிமிசம். கழிப்பறை சுத்தம்."

"அங்க தேத்தண்ணி குடிக்கேலுமோ?"

"குடிக்கலாம். அப்ப இருபது நிமிசம்."

"குடிப்பம். எனக்குச் சீனி போடாம. பிறகு?"

"10.55க்கு வெளிக்கிட்டு, 11.20க்கு யாரா கிளென். அங்க ஒரு மேடு இருக்கு. காரால இறங்கத் தேவையில்லை. இருந்தபடியே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்."

"பனி இருக்குமோ?"

"நான் போனண்டு இருந்தது. பதினொண்டரைக்குப் பிறகு கலையும்."

"அப்ப கலையுமட்டும் நிப்பம்" என்றார் பத்மா. "எத்தினை நிமிசம் போட்டனீங்கள்?"

"பத்து."

"காணாது."

அவர் பத்தை வெட்டினார். எத்தனை போடுவது என்று கேட்க வாயெடுத்தபோது அந்தப் பக்கம் ஒரு சிணுங்கல் கேட்டது, பிறகு அழுகை. "எழும்பிட்டான், எழும்பிட்டான், இரு அப்பு, வாறன்" என்று பத்மா போனோடு எழுந்து நடந்தார். கதவு திறந்தது. அழைப்பு நின்றது.

அன்று யாரா கிளென் வரைதான் போக முடிந்தது. மணி 1.43. விக்னராஜா பேனையைப் பிடித்தபடி அந்த வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டார்.